தண்ணீர் கலக்காத பெட்ரோல்

கரமனை மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பினுவின் போன் வந்தது. "சாரே, தாஸ் அங்கிள் போயி" என்றான். தாஸின் மகனோடு வேலை பார்த்தவன் அவன். ஞானதாஸ் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்தான். எதிர்பாராத சாவு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கையிலிருந்த வெண்டைக்காயை ஒடித்துக்கொண்டே நின்றேன். காய்க்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தானே வாங்கி வைத்தாள்.

அடக்க ஆராதனையில் அவருடைய உறவினர் ஒருவர் எழுந்து பேசினார். தாஸ் தங்கமான மனிதராம். வாழ்க்கையில் ஒரே ஒரு கவனக்குறைவாம். அதில் பெற்ற பிள்ளையையே பறிகொடுத்தாராம். கர்த்தர் மன்னித்திருப்பாராம். பெஞ்சுகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று தலையாட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. பாறசாலைப் பக்கத்துக்காரர், கரமனையில் வாடகை வீடு. நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் பிறந்தவன், தண்ணீர் என்றால் எனக்குக் குளிக்க மட்டும்தான். அப்படிப்பட்ட என்னையும் ஒரு நாள் வேளிக் காயலுக்கு இழுத்துப்போனார். ஊரை விட்டுப் போன யாரோ ஒருவரிடம் பிளைவுட்டில் செய்த சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தார். காற்று விழுந்தால் கரை சேர வேண்டுமே என்று, கொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த மோட்டாரைப் பின்னால் மாட்டியிருந்தார். பெட்ரோல் தொட்டி அதன் தலையிலேயே இருக்கும்.

அந்த மோட்டார் முதல் நாளே மானத்தை வாங்கியது. நடுக் காயல் வரை ஒழுங்காக ஓடியது, பிறகு திணறி நின்றது. சற்று விட்டுக் கயிற்றை இழுத்தால் கிளம்பும், மறுபடி நிற்கும். தாஸ் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். குழாயை ஊதினார். நான் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று தொட்டி காற்றை உள்ளே இழுத்தது. தாஸ் சிரித்துவிட்டார்.

"எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்ல சாரே. இதுக்கு மூச்சு முட்டுகு, அவ்வளவுதான்."

மூடியின் மேல் சின்னத் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தி வைத்தால்தான், பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போகும். இறுக்கி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் இறங்காது. தாஸ் அதைத் தளர்த்தினார். "இனி இதைத் தொடப்பிடாது, கேட்டியளா" என்றார். அன்றிலிருந்து அது திறந்தே இருந்தது. படுக்க வைத்தால் அந்த வழியே பெட்ரோல் ஒழுகும் என்பதால் மோட்டாரை எப்போதும் நிமிர்த்தித்தான் தூக்குவார். பழுது பார்க்கக் கொண்டுபோகும்போது ஆட்டோவில் அதை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்காருவார். "உம்ம குழந்தையா ஓய்?" என்று நான் கிண்டல் செய்வேன். அவருடைய மகன் செல்வின் படகு ஓட்டக் கற்றது அதற்குப் பிறகுதான். அந்தத் திருகு எதற்கு என்று அவனுக்குச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

மோட்டார் வேளியில் ஒரு மீன்காரரின் கொட்டகையில் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் கொட்டகையின் கூரை சரிந்ததால் தாஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி ஸ்டெல்லாவின் அடுக்களையை ஒட்டிய பின்னறையில் நிறுத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சபைக் கமிட்டிக் கூட்டம். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த செல்வின், உடன் வேலை செய்த பினுவைக் கூட்டிக்கொண்டு படகெடுக்கப் போனான். அப்பாவைப் போலவே மோட்டாரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போயிருக்கிறான்.

மழைத் தண்ணீர் வடிய அந்த வாரம்தான் பொழியை வெட்டிவிட்டிருந்தார்கள். காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டு உடைந்தால் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காற்று இல்லை, பாய் தொங்கிப்போனது, மோட்டாரும் நின்றது. இழுப்பு படகை வெளியே கொண்டுபோய் அலையில் கவிழ்த்தது. பினு எப்படியோ கரையேறினான். செல்வினை மறுநாள் கடல் கொண்டுவந்து போட்டது.

அடக்கம் முடிந்த பிறகு மீன்காரர்கள் படகையும் மோட்டாரையும் மணலிலிருந்து தோண்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு மத்தியானம் தாஸ் என்னை வரச் சொன்னார். பின்முற்றத்தில் சாக்கை விரித்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏன் நின்றது என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. பினுவும் சுவரில் சாய்ந்து நின்றான். "இன்னொருக்கா சொல்லு, மக்கா" என்றார். "நல்லா ஓடி, அங்கிளே. பின்னே மூச்சு முட்டின போலே நின்னு. கயிறு வலிச்சா ஸ்டார்ட் ஆகும், பின்னேயும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் அழுதுகொண்டே போய்விட்டான்.

கார்புரேட்டரில் மணல் இருந்தது. சிலிண்டரில் கடல் தண்ணீர். தொட்டியைக் கடைசியாகத்தான் தொட்டார். உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தேங்கும். அடியில் எதுவும் இல்லை. கடலுக்குள் கவிழ்ந்து கிடந்த மோட்டாரின் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. தாஸ் மூடியைத் திருப்பிப் பார்த்தார். திருகு கடைசி வரை இறுக்கியிருந்தது.

"நான் மூடல்ல. அவன் இதைத் தொட்டதே கெடையாது" என்றவர், துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை பேப்பர் வாசிச்சிட்டு இருந்தேன் சாரே. ஸ்டெல்லா அடுக்களையிலே இருந்து சொன்னா. பெட்ரோல் நாத்தம் தாங்கல்ல, அந்தத் திருகாணிய முறுக்கி விட்டேன், இப்ப நாத்தம் இல்லல்லான்னா. நான் 'ம்'னேன். காதுல விழுந்துது. ஆனா நான் கேக்கல்ல."

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா வாசற்படிக்கு வந்தார். "என்னதான் கேடு அதுக்கு? எனக்க பிள்ளைய எதுக்குக் கொன்னுது?"

தாஸ் மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டார். "கார்புரேட்டர்ல அழுக்கு. நான் கழுவி வச்சிருக்கணும். வைக்கல்ல."

"அப்ப நீங்கதான் கொன்னிய."

"ஆமா."

அத்தோடு அந்த அம்மா அவரிடம் பேசுவதை விட்டுவிட்டார். சோறு எடுத்து வைப்பார், உள்ளே போய்விடுவார். வந்த உறவினர்களிடமெல்லாம் கார்புரேட்டர் கதையைச் சொன்னார். அந்தக் கதைதான் ஆராதனை வரை வந்து சேர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. டீக்கடையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "இதென்ன ஓய் பைத்தியக்காரத்தனம்? உள்ளதைச் சொல்லிடும்" என்றேன். தாஸ் டீத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு ஏசதுக்கு ஒரு ஆளு வேணும் சாரே. நான் இருக்கேன். அவளே அந்த ஆளா ஆயிட்டா பிறகு எங்க போவா? நானும் முழுப் பொய் சொல்லல்ல. அந்த 'ம்' எனக்கு உள்ளதுதானே."

போன வருஷம் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போயிருந்தேன். தாஸ் கட்டிலருகே தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரைப் பார்க்காமல் நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். தாஸ் தம்ளரை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அப்படித்தான் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். இனியாவது பிள்ளை போன காரணத்தைச் சொல்லலாமே என்று கேட்டேன். "குழி மண்ணு இன்னும் காயல்ல. அதுக்குள்ள அவளுக்க தலையில கொண்டு போடவா?" என்றார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தாஸ், உங்களைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பெட்ரோல் நாறினால் யாரும் செய்வதைத்தான் ஸ்டெல்லா செய்தார். அந்த அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் உங்களைக் கவனக்குறைவான தகப்பன் என்று சொல்லி, அதற்கு மன்னிப்பும் வழங்கி அனுப்புவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

படகு பிறகு விறகானது, மோட்டார் பழைய இரும்பு விலைக்கு ஆக்கரிக் கடைக்குப் போனது. அவருடைய பொருள் என்று என்னிடம் ஒன்றுமில்லை. இப்போதெல்லாம் என் மனைவி அடுக்களையிலிருந்து ஏதாவது சொன்னால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "என்ன சொன்னே?" என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்லே, போங்கோ" என்பாள். எழுந்து போய்ப் பார்க்கிறேன்.