கட்டில் வரைக்கும் போன் வயர்

என் மனைவிக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனது. பேச்சு மட்டும் போகவில்லை. உள்ளறைக் கட்டிலோடு கிடந்தாள். போன் கூடத்தில் இருந்தது. துபாயில் வேலை செய்த எங்கள் பையன் வெள்ளிக்கிழமை பேசுவான். அங்கே அன்றைக்குத்தான் லீவு. அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் அவளிடம் சொல்வேன்.

"ஒரு மணி நேரம் கேக்குறீங்க, எங்கிட்ட நாலு வார்த்த சொல்றீங்க. அவன் கொரல நான் கேக்கணும்" என்றாள்.

இன்னொரு போனும் வயரும் வாங்கி வந்தேன். பீங்கான் பட்டறையில் பியூஸ் கட்டை செய்கிறவன் நான். கரண்டு வேலை கொஞ்சம் தெரியும். சுவரில் புதிதாக ஆணி இறக்க மனசு வரவில்லை. சுவரில் கரண்டு வயர் ஓடுகிற மரக்கட்டையிலேயே போன் வயரையும் சேர்த்து அடித்து, கட்டில் தலைமாட்டுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை பேசினாள். போனுக்குள் ஒரே இரைச்சல்.

"மிஷினு ஓடுது. லீவு நாள்லயும் புள்ளைய வேல வாங்குறானுங்க."

"அது நம்ம வூட்டுக் கரண்டு வயரு சத்தம். பக்கத்துல பக்கத்துல போவுது."

"அவனும் ரூம்லதான் இருக்கேங்குறான். அப்பனும் புள்ளையும் பேசி வச்சிக்கிட்டீங்களா?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடித்ததையெல்லாம் பிடுங்கினேன். வயரை வெளிச்சுவரோடு சுற்றிக் கொண்டுவந்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன்.

"இன்னா, வயரு ஊர்வலம் போயிட்டு வருதா?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரைச்சல் இல்லை. நெடுநேரம் பேசினாள். வைத்துவிட்டு, "இன்னிக்கித்தான் நெசமா லீவு வுட்டிருக்காங்க" என்றாள். போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்தோம். பையனுக்கு அங்கே லீவு கொடுக்கவில்லை, வர முடியவில்லை. போன் வந்தது. கூடத்திலும் அடித்தது, உள்ளே வெறும் கட்டில் பக்கத்திலும் அடித்தது. கூடத்துப் போனை எடுத்தேன்.

"அம்மா காதுல வைங்கப்பா" என்றான்.

எழுந்து வர முடியாது என்றுதான் கட்டில் வரைக்கும் வயர் இழுத்தேன். இப்போது இந்தப் போனுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். குனிந்து காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் அழுதது எனக்கும் கேட்டது. துளி இரைச்சல் இல்லை.