கறுப்பு பெல்ட்டில் வெள்ளை நூல்

மிஷின் ஆயிலும் சூடான இஸ்திரிப்பெட்டியும் கலந்த ஒரு வாசனை... காரைக்கால் கடைத்தெருவில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த எம்ப்ராய்டரி கடை அப்படித்தான் மணக்கும்.

சுரக்குடியிலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. முதல் மாதம் ஒழுங்காக வேலை செய்தால்தான் நிரந்தரம் என்று முதலாளி பாய் சொல்லியிருந்தார். இது போனால் மறுபடியும் நடவு வயல்தான். அட்டைக்கடி என்றால் நான் ஒரு பயந்தாங்கொள்ளி!

ஒரு சனிக்கிழமை எட்டு கறுப்பு பெல்ட் வந்தது. டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை வகுப்பிலிருந்து. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், வெள்ளை நூலில். மறுநாள் பெல்ட் கட்டும் விழா. சீட்டில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தது. பாய் வெளியே போயிருந்தார்.

முதல் பெயர் சங்கீதா. கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பிள்ளையின் பெயர்... 'கண்ணீர் அஞ்சலி' பேனர் மாதிரி ஆகிவிடாதா? எனக்கு மனசே வரவில்லை. கல்யாண ப்ளவுஸுக்கு வைத்திருந்த தங்க நிற நூலை மாட்டினேன். எட்டும் ஜொலித்தன. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானம் எட்டுப் பேரும் வாங்க வந்தார்கள். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, தங்க நிறம் சொல்லிக்குடுக்கிறவங்களுக்கு... எங்களுக்கு வெள்ளைதான்." சொன்னது அந்தச் சங்கீதாவே. கடலோரக் கிளிஞ்சல்மேட்டு மீனவர் வீட்டுப் பெண், பிளஸ் டூ.

"வெள்ளைன்னா ஒரு மாதிரியா இல்லையாம்மா?"

"கறுப்பு பெல்ட் வாங்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுச்சுன்னு இல்லக்கா. இப்பதான் ஆரம்பிக்கிறோம்னு அர்த்தம். நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டு நின்னா திமிரு புடிச்சவங்கன்னுல்ல நெனைப்பாங்க?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாற்று பெல்ட்டும் கிடையாது. வேலை போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

சங்கீதா மேஜையிலிருந்த ப்ளேடை எடுத்தாள். பெல்ட்டைத் திருப்பிப்போட்டு அடிநூலை மட்டும் அறுத்தாள். மேல்நூல் தானாகக் கழன்று வந்தது.

"வலையில சிக்கு எடுக்கிறதைவிடவா இது கஷ்டம்? அழுவாதீங்கக்கா."

அவள் காட்டியபடியே மற்ற ஏழு பேரும் தரையில் உட்கார்ந்து அவரவர் பெயரை அவரவரே பிரித்தார்கள். நான் இஸ்திரி போட்டு, அதே துளைகளின் மேலேயே வெள்ளை நூலில் போட்டேன். முடிக்கும்போது மணி ஐந்து.

பாய் திரும்பி வந்ததும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தடவிப் பார்த்தார்.

"பிரிச்ச தடமே தெரியலையேம்மா... சரி, திங்கக்கிழமை நேரத்தோட வந்துரு. இனிமே சீட்டைப் படிச்சிட்டு நூலை மாட்டு."

அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பஸ்ஸிலும் போனதில்லை.

இப்போது என்னிடம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் மிஷின் இருக்கிறது. பெயர், நிறம், மாதிரிப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். தப்பு நடக்க வழியே இல்லை, நிம்மதிதான்.

ஆனாலும் பெல்ட் ஆர்டர் வந்தால் போன் போட்டு, "உங்க கிளாஸ்ல இந்த நிறத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுவேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு அர்த்தம். முன்பெல்லாம் ஆசையாகச் சொல்வார்கள். இப்போது பாதிப் பேர், "போட்டோவுல இருக்கிற மாதிரி போடுங்கக்கா, போதும்" என்று வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு பெண் மட்டும், "தெரியலையேக்கா... கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" என்றாள்.

அவசர ஆர்டர்தான். மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.