முள்கம்பியில் ஒரு சீர்வரிசை

சமையலறைப் பக்கமிருந்து குருவிக்குஞ்சு ஒன்று உயிர்போகிற மாதிரி கத்தியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா பதறி எழுந்தார்.

"ஐயோ, குருவி எதுலயோ மாட்டிக்கிச்சு!"

"குருவி இல்லைங்க, கீச்சான்னு ஒரு வேட்டைப் பறவை," என்றார் கறிக்கடைக்காரர். "சின்னக் குருவி மாதிரியே கத்துவான். நம்பிக் கிட்ட வந்த குருவியை ஒரே போடா போட்டு…"

அவருடைய அக்கா முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். 'இன்னிக்கு மட்டும் ரத்தம், கறி, கத்தி எதுவும் வாயில வரக் கூடாது' என்பது அக்காவின் கட்டளை. ரத்த வாடை என்று எத்தனையோ பெண்வீடுகள் கதவைச் சாத்திய பிறகு, ஐம்பதை நெருங்கும் தம்பியின் வீட்டைப் பார்க்க, கல்யாணப் பேச்சில் இந்தத் தையல்காரம்மா தானாக வந்திருக்கிறார். இதுவும் தவறினால் அவர் காலமெல்லாம் ஒற்றைத் தட்டில்தான் சாப்பிட வேண்டும்.

மணல்காடு தொடங்கும் இடத்தில் கடைசி வீடு அது. முன்னால் கடை, பின்னால் முள்கம்பி வேலி. அந்த வேலி கீச்சானின் கடை. சாம்பல் நிற உடம்பு, கண்ணை மறைத்துத் திருடன் கட்டிய துணிபோல ஒரு கறுப்புப் பட்டை, கொக்கி அலகு. பருந்தைப் போல இரையை அழுத்திப் பிடிக்கக் காலில் வலுவில்லை. அதனால் ஓணானையும் வெட்டுக்கிளியையும் முள்ளில் குத்தி மாட்டிவிட்டுக் கிழித்துத் தின்னும். மிச்சம் அங்கேயே தொங்கும். பெண் பறவை அதைப் பார்த்துத்தான் ஆணை எடைபோடும். தொழில் ஒன்று என்பதால் அதற்குப் 'பங்காளி' என்று பெயர் வைத்திருந்தார் கறிக்கடைக்காரர்.

இன்று காலை, விருந்தாளி முகம் சுளிப்பாரே என்று, அக்கா சொல்லி அவர் வேலியில் தொங்கியதையெல்லாம் எடுத்துத் துடைத்துவிட்டார். அப்போதிலிருந்துதான் பங்காளி விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக வேலிவரை வந்துபோன பெண் கீச்சான் இப்போது தூரத்துப் புதரில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தது.

கத்தல் மறுபடி கேட்டது. அவரால் தாங்க முடியவில்லை. கடைக்குள் போய் ஒரு கறித்துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

"டேய் தம்பி! மானத்தை வாங்காதடா!" அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார்.

தையல்காரம்மா பின்பக்க ஜன்னலருகே வந்தார். அந்த முரட்டு மனிதர் பூ வைப்பதுபோல முள்ளில் கறியைச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு இவன் சேத்து வெச்சதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேங்க. பாவம், அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"எனக்காக அவன் குடும்பத்தையே கலைச்சிட்டீங்களா? நல்ல ஆளுய்யா!"

கீச்சான் இறங்கி வந்தது. தலையைச் சாய்த்துக் கறியைப் பார்த்தது. பிடுங்கி எடுத்து, இரண்டு முள் தள்ளி, தன் கையாலேயே… தன் அலகாலேயே மாட்டியது.

"நீங்க மாட்டினது அவனுக்குப் பிடிக்கலை," என்று தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ! அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

தூரத்துப் பறவை ஒரு புதர் கிட்டே வந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

"வருவாளா?" என்று கேட்டார் கறிக்கடைக்காரர். 

"நான் என்னத்தைக் கண்டேன்? பொம்பளைன்னா யோசிக்க மாட்டாளா?"

தையல்காரம்மா கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "ஜன்னல் எதுக்கும் திரை இல்லை. ஞாயித்துக்கிழமை டேப்போட வர்றேன், அளவெடுக்கணும்," என்றார். "பின்பக்க ஜன்னலுக்கு மட்டும் வேண்டாம். அப்புறம்… எனக்காக எதையும் கழுவித் துடைக்காதீங்க. இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்."

தையல்காரம்மா போன பிறகும் வாசலையே பார்த்து நின்ற தம்பியை இடித்துத் தள்ளிவிட்டு, அக்காதான் கதவைச் சாத்தினார்.