உடைந்த மூடியின் அதிர்ஷ்டம்

சோலார் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாகக் கண்ணாடித் துண்டுகளைக் கழுவி, அவற்றின் மேல் பாலிமர் கரைசலைப் பூசிக் காயவைப்பவள் என்பதால் அவளுக்குக் கண்ணாடியக்கா என்றே பெயர். மற்றவர்கள் பூச்சைச் சூட்டுத்தட்டில் அவசர அவசரமாகக் காயவைப்பார்கள். அப்படிக் காய்ந்த சோலார் செல்லில், வெயில் கொடுத்த மின்சாரம் வெளியே வருவதற்குள் பெரும்பங்கு உள்ளேயே வீணாகிவிடும். அவள்தான் பூச்சைக் கண்ணாடி மூடியால் மூடி, நிதானமாக உலரவிட்டாள். முழுக்க மூடினால் காயவே இல்லை. ஓரம் உடைந்த ஒரு மூடிதான் கைகொடுத்தது. அந்த இடுக்கு வழியே கரைசலின் ஆவி மெல்ல மெல்லப் போனது. நாற்பது தடவை அதோடு மாரடித்த பிறகு, வீணாவது பாதியாகக் குறைந்தது.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் காதில் வாங்கியது மூடியை மட்டும். மாநாட்டு மேடையேறி, "யாரோ மறந்துபோய் மூடி வெச்சிட்டாங்க, எங்க அதிர்ஷ்டம்!" என்றார். அரங்கமே கைதட்டியது. கடைசி வரிசையில் அவள் மட்டும் கைதட்டவில்லை.

மறுவாரம் வாசலில் ஒரு காட்சிப்பெட்டி வைத்தார்கள். உள்ளே புத்தம்புது மூடி. உடைந்தது பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று குப்பையில் போட்டுவிட்டார்களாம். பூசும் வேலை மாணவர்களுக்குப் போனது. அவளுக்குக் கழுவுவது மட்டும் மிஞ்சியது.

மூன்று மாதமாக ஒரு செல்லும் தேறவில்லை. பேராசிரியர் முதல்முறையாக அவளைத் தேடி வந்தார்.

"ஏம்மா, அதே மாதிரிதானே மூடுறோம்? ஏன் வரமாட்டேங்குது?"

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை.

"எனக்கென்ன சார் தெரியும்? அதிர்ஷ்டம்னு நீங்கதானே சொன்னீங்க."