இரண்டு டிஸ்கும் ஒரு பெட்டியும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊரில் வைத்த பெயர் டபுள். கல்யாண வீடியோ எடுக்கிறவர். எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார். கேமரா இரண்டு, மைக் இரண்டு, மாடி ஸ்டுடியோ சாவியில் ஒன்று அவர் சட்டைப் பையில், இன்னொன்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில். குடைகூட இரண்டு வைத்திருந்தார்.

"ஒண்ணு ரிப்பேர் ஆனா இன்னொண்ணு வேணும்ல மாப்ள?" என்பார்.

"மழையே ரிப்பேர் ஆயிட்டா என்ன மச்சான் பண்ணுவீங்க?" என்று நான் வாரிவிடுவேன். சிரிக்கவே மாட்டார். தொழிலில் அப்படிப்பட்ட ஜாக்கிரதை. அவர் கையில் கொடுத்த ஒரு கல்யாணமாவது காணாமல் போனது என்று எந்த வாயும் சொன்னதில்லை.

இரண்டாக இல்லாதது ஒன்றே ஒன்று, அவர் மகள். ஒற்றைப் பிள்ளை. புது மைக் வந்தால் முதலில் அதில் பேசுவது அவள்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அது வீட்டு வழக்கம். கேமராவுக்கு முன்னால் நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு... அம்மா, பசிக்குது!" என்று கத்துவாள். கல்லூரிக்குப் போன பிறகும் அதேதான். அடுப்படியிலிருந்து அக்கா, "வர்றேண்டி, கழுத்தறுக்காத" என்று திருப்பிக் கத்துவதும் சேர்ந்தே பதிவாகும். வருஷ வருஷமாக அப்படி எடுத்ததை மச்சான் ஒன்றுகூட அழிக்காமல் வைத்திருந்தார்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்த சில வாரத்தில் மச்சானின் தங்கை ஒரு வேலை செய்தாள். அந்த மைக் வீடியோ ஒன்றை எடுத்து, பின்னால் ஒரு சோகப் பாட்டைப் போட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாள். முன்பின் தெரியாதவன் எல்லாம் அழுகிற பொம்மை போட்டான். ஒருவன், 'பொண்ணு சூப்பர்' என்று எழுதியிருந்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"எம் புள்ள என்ன கண்காட்சியா? ஒருத்தன் போன்லயும் அவ இருக்கக் கூடாது. எல்லாத்தையும் வாங்கி ஒரு இடத்துல பூட்டு. எனக்குப் பாக்கத் தெம்பு வர்ற அன்னைக்கு நானே கேக்குறேன்."

மச்சான் வீடு வீடாகப் போனார். ஒவ்வொருவர் போனையும் வாங்கி, தன் கையாலேயே அழித்துவிட்டு வந்தார். தங்கை வீட்டில் பெரிய ரகளை; இன்டர்நெட்டில் போட்டதையும் எடுக்க வைத்தார். என் போனையும் விடவில்லை. "என்னையே நம்பலையா மச்சான்?" என்றேன். "உன்னை நம்புறேன், போனை நம்பல" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியை வாங்கினார். செங்கல் அளவில் கறுப்பாக இருக்கும். மேலே ரொட்டி சுடும் மெஷின் மாதிரி இரண்டு பள்ளம், ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகலாம். முன்பக்கம் நம்பர் பட்டன்கள். நம்பரைப் போட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகும், டிஸ்க் திறக்கும். நம்பர் இல்லாமல் எவன் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பது அவனுக்கு வெறும் குப்பை.

அன்றைக்கு முழுக்க ஸ்டுடியோவில் அதே வேலை. புது டிஸ்க் இரண்டையும் செருகி, நம்பர் வைத்து, மகள் சம்பந்தப்பட்ட அத்தனையையும் ஏற்றினார். ஒன்றில் ஏற்றியது அப்படியே இன்னொன்றிலும் ஏறியது. சரியாக ஏறியிருக்கிறதா என்று சத்தத்தை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். சத்தத்தோடு பார்க்க அவராலும் முடியவில்லை. கடைசியில், அதுவரை அதெல்லாம் இருந்த பழைய டிஸ்கைச் சுத்தியலால் நொறுக்கினார். பூட்டாத காப்பி ஒன்றுகூட வெளியில் இருக்கக் கூடாதாம்.

நம்பரை எனக்கும் அக்காவுக்கும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தார். "நாளைக்கே நான் போயிட்டாலும் உங்களுக்குத் திறக்கத் தெரியணும்." ஒரு டிஸ்க் ஸ்டுடியோவில் பெட்டியிலேயே இருந்தது. இன்னொன்றைத் துணியில் சுற்றி என் வீட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னார். "ஒரு இடம் போனாலும் இன்னொரு இடத்துல இருக்கும்ல?" டபுள் என்றால் சும்மாவா!

ஒரு மதியம் மாடிப்படி மீட்டர் பெட்டியில் தீப்பிடித்தது. நான் கடையிலிருந்து ஓடி வருவதற்குள் மாடி முழுக்கப் புகை. மச்சான் அப்போதுதான் சாப்பாட்டை முடித்துத் தெருவில் வந்துகொண்டிருந்தார். நான் பிடித்த பிடியை உதறிவிட்டு மேலே ஓடினார். சத்தியமாக, போனவர் பிணமாகத்தான் வருவார் என்று நினைத்தேன். இருமிக்கொண்டே இறங்கி வந்தார். முன்கையில் தோல் உரிந்து தொங்கியது. சோறு போட்ட கேமராக்களை எல்லாம் விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து அந்த ஒற்றை டிஸ்கை மட்டும் உருவிச் சட்டைக்குள் போட்டு வந்திருந்தார்.

"என் வீட்டுலதான் இன்னொண்ணு இருக்கே, அறிவிருக்கா உங்களுக்கு?" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

"இருக்கட்டும் மாப்ள. அவளை எப்படி நெருப்புல விட்டுட்டு வர்றது?"

அன்றைக்கு அக்கா அவருடைய கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டுடியோவைச் சுத்தம் செய்தோம். மேசையில் அந்தப் பெட்டி ஒரு பக்கம் உருகிக் கிடந்தது. மச்சான் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "சார்ஜர் மாதிரிதான, புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று கரிக்குப்பையோடு சாக்கில் போட்டார். சாக்கைத் தைத்துக் குப்பை லாரியில் ஏற்றியது நான். கேமராவுக்கு வயர் எப்படியோ, டிஸ்குக்குப் பெட்டி அப்படி என்றுதான் வீடியோ எடுக்கிற ஆள் நினைப்பார். எது உடைந்தாலும் படம் இருக்கிற பொருள் பத்திரமாக இருந்தால் போதும் என்பது அந்தத் தொழிலில் ஊறின பழக்கம்.

ஸ்டுடியோ அதோடு முடிந்தது. என் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஆரம்பித்தார். அப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா பாதியில் கையை நிறுத்தினாள்.

"அவ குரல் எனக்கு மறந்துபோகுதுங்க. முகம் இருக்கு. குரல் வர மாட்டேங்குது. போடுங்க, கேட்டுடறேன்."

அதே கம்பெனி, அதே மாடல், புதுப் பெட்டி வந்தது. அக்கா தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மச்சான் டிஸ்கைச் செருகி அதே நம்பரை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், செய்யட்டுமா?

கழற்றி மாட்டினார். அதே கேள்வி. நான் ஓடிப்போய்ப் பீரோவிலிருந்த டிஸ்கை எடுத்து வந்தேன். அதற்கும் அதே கேள்வி. மச்சான் முகம் செத்துப்போனது.

டிஸ்க் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரிடம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனோம். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "பழைய பெட்டி எங்க சார்?" என்றார்.

"அது தீயில போச்சு. நம்பர் சரியாத் தெரியும் சார்" என்றேன்.

"நீங்க போடுற நம்பர் சாவி இல்ல சார். நிஜ சாவி பெட்டிக்குள்ள ஒரு சிப்புல இருந்துச்சு. நம்பர் போட்டா அது முழிச்சுக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் சாவி வேற. கருகியிருந்தாலும் கொண்டு வாங்க, சில நேரம் சிப் பிழைச்சிருக்கும்."

"ரெண்டு டிஸ்க் இருக்கே தம்பி?" மச்சான் கெஞ்சினார்.

"ரெண்டும் அந்த ஒரு பெட்டியிலதான பூட்டுனீங்க?"

வீட்டில் நுழைந்ததும் மச்சான் மென்று முழுங்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டார். "என் கையாலயே குப்பையில போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் அழிக்கச் சொன்னது நான்தானே" என்றாள். இரண்டு டிஸ்கையும் தடவிப் பார்த்து, "உள்ள இருக்காளா?"

"இருக்கா. திறக்கத்தான் முடியாது."

இப்போதும் சாயங்காலத்தில் அக்கா அந்தப் பெட்டியைப் போடச் சொல்வாள். பச்சை விளக்கு எரியும், டிஸ்க் சுற்றும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மச்சான் செருகிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். அவரால் அந்தத் திரையைப் பார்க்க முடியாது.

போன வாரம் நான் போயிருந்தேன். அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அவ மைக்குல கத்துவாளே, நீ ஒருதடவை சொல்லிக் காட்டேண்டா."

எத்தனை தடவை கேட்டிருப்பேன். வாயைத் திறந்தேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அம்மா, பசிக்குது." வந்தது என் கட்டைக் குரல்தான்.

"இப்படி இல்லடா" என்றாள் அக்கா. "எப்படின்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியல."

திரையில் அந்தக் கேள்வி நின்றிருந்தது. கம்ப்யூட்டரில் வேறு எதுவும் தெரியாத என் அக்கா, விரலை நீட்டி 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.