தல்லூசா தனக்கே வைத்த கல்

ரோமாபுரிக்குக் கப்பல் வரும் ஒஸ்தியாத் துறைமுகத்தில் தல்லூசாவின் அவித்த கொண்டைக்கடலையைத் தின்னாத மூட்டைதூக்கி கிடையாது. வாய்க்குப் பேர்போனவர்கள் எங்கள் ஊரில் பலர் உண்டு. அவள் முன்னால் எல்லோரும் பெட்டிப்பாம்பு. அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவள். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், தனக்குக் கல்லறைக்கல் வெட்டச் சொன்னது. இதில் புதுமை ஒன்றுமில்லை. அந்த வேலையைப் பிள்ளைகளை நம்பி விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

அவளுக்குப் பிள்ளை ஒன்றுதான், கல்லிஸ்தே. ஆறு வயதில் எஜமான் விற்றுவிட்டான். ரோமாபுரிப் பக்கம் என்பதற்குமேல் தகவல் இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் ஊர்வாசலுக்கு வெளியே உள்ள கல்லறை வரிசையைத் தாண்டித்தான் வரவேண்டும். என்றாவது மகள் அந்த வழியே வந்தால், அம்மா முகத்தைக் கண்டு நிற்க வேண்டும். அதற்குத்தான் கல்.

உடம்பு செதுக்கி முகம் மட்டும் விட்டுவைத்த கற்கள் சிற்பி ஒனேசிமுஸின் பட்டறையில் தயாராய் நிற்கும். அவனும் மரியாதையாகத்தான் முகத்தை முடித்தான்: சீமாட்டிக் கொண்டை, மழமழவென்று கன்னம். தல்லூசா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாரு தம்பி இந்தம்மா? நமக்குத் தெரிஞ்சவங்களா?"

"நீங்கதாக்கா. கன்னத்துத் தழும்ப மட்டும் செதுக்காம விட்டுட்டேன், நல்லாருக்காதுன்னு."

"கொதிக்கிற எண்ணெ என்மேல தெறிச்சப்போ எம்மவ மடியில இருந்தா. என் மூஞ்சில வேற எது அவளுக்கு ஞாபகம் இருக்கப் போகுது? வெட்டு."

வெட்டினான். கொண்டையும் போய்த் தலைக்கட்டு வந்தது.

கல் நட்ட அன்று திராட்சை மதுவும் தேன்பணியாரமும் வைத்து எல்லோரையும் அழைத்தாள். மீன்காரி மெத்தே ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு போகிறபோக்கில் கேட்டாள்:

"உம்மவ இதப் பாத்தா, நீ செத்துட்டேன்னுல்ல நெனப்பா?"

எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவே இல்லை. உயிரோடிருப்பதைக் காட்டப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து வெட்டியிருக்கிறதே என்று ஒனேசிமுஸ் சமாளித்தான். விற்கப்பட்ட பெண்ணுக்கு யார் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? தல்லூசா விருந்தைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் துறைமுகத்தில் அவள் இடம் காலி. அண்டாவையும் அடுப்பையும் வண்டியிலேற்றிக் கல்லறைச் சாலைக்குக் கொண்டுபோய், தன் கல்லுக்குப் பக்கத்திலேயே கடை போட்டிருந்தாள். மூட்டைதூக்கிகள் முணுமுணுத்துக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்துபோய்த் தின்றார்கள். வெளியூர்க்காரர்கள் கல்லையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து வெலவெலத்துப் போனார்கள். மழை பெய்தாலும் அவள் நகரவில்லை. அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கல்தான் காவல் இருக்கிறதே, நீ பழைய இடத்துக்கு வந்துவிடேன் என்று மெத்தே ஒருநாள் கெஞ்சிப் பார்த்தாள்.

"கல்லு இருக்கும்டி. அதக் கட்டிப்புடிச்சு அவ அழுதா, பின்னாலேருந்து தோளத் தொடுறதுக்கு ஆள் வேணாமா?"