அண்ணைக்காக அப்பு பாடின எதிரடி

யப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்டானெண்டு சனம் பெட்டி படுக்கையோடை ரெயிலேறி யாழ்ப்பாணம் வந்து இறங்கினதெல்லே, அந்த வருசம் மருமோன், அந்தச் சனம் வந்து கொஞ்ச நாளைக்குள்ளைதான் எங்கடை அப்பு செத்தவர். அப்ப நாங்கள் தேப்பனை அப்பு எண்டுதான் கூப்பிடுறது, இப்ப மாதிரி டடி கிடி எண்டு ஒண்டுமில்லை. எனக்கு அப்ப இருபது வயசு இருக்கும்.

முதலே சொல்லிப்போடுறன், நான் பேய் பிசாசை நம்பிற ஆளில்லை. புளியமரத்துக்குக் கீழை தனியப் படுத்தெழும்பினவன் நான். முனியைக் கண்டனெண்டு வந்தவங்களிட்டை எந்தக் கள்ளுத் தவறணையாலை வாறியள் எண்டு கேட்டவன். நீர் சிரிப்பீர், சிரியும், ஆனா கேட்டுப்போட்டுச் சிரியும்.

எங்கடை சண்டிலிப்பாயிலை அப்ப எல்லாம் புகையிலைத் தோட்டம். மெசின் இல்லை, துலாதான். துலா தெரியுமோ உமக்கு? கிணத்தடியிலை ரெண்டு ஆடுகால் நட்டு, அதுக்கு மேலை நீட்டு மரம் ஒண்டு, அந்த மரத்திலை ஒரு ஆள் ஏறி அங்காலையும் இஞ்சாலையும் நடந்து மிதிக்க, கீழை நிக்கிறவர் கயித்திலை தொங்கிற பனையோலைப் பட்டையிலை தண்ணியைப் பிடிச்சு வாய்க்காலுக்கை ஊத்துவார். எங்கடை வீட்டிலை மிதிக்கிறது அப்பு, பட்டை பிடிக்கிறது அண்ணை, பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறுறது நான்.

அண்ணைக்குக் கதைக்க வராது. காதும் கேளாது, பிறவியிலையே அப்பிடி. ஆனா அவரைப் போலப் பட்டை பிடிக்க ஊருக்கை ஆளில்லை, துலாக்கயித்திலை வாற ஆட்டத்தைக் கையாலை பிடிச்சே அப்புவின்ரை கால் எங்கை நிக்குதெண்டு சொல்லுவார். சொல்லுவாரெண்டா கையாலைதான். அப்புவைச் சொல்லுறதெண்டா தலையைச் சுத்தித் தலைப்பா கட்டிற மாதிரி ஒரு சுத்து. அதுதான் அவருக்கு அப்பு.

துலா மிதிக்கேக்கை பாட்டு ஒண்டு இருக்கு. மேலை நிக்கிறவர் ஒரு அடி கேப்பார், கீழை நிக்கிறவர் எதிரடி சொல்லவேணும். எங்கடை அப்பு தானே கட்டின பாட்டு.

‘ஏறி மிதிக்கிற தாரடா மோனே?’

‘என்னைத் தோளிலை ஏத்தின என்ரை அப்பு.’

அந்த எதிரடி மோன் பாடவேண்டியது. அண்ணை எப்பிடிப் பாடுறது? அப்பு என்ன செய்வாரெண்டா, முதலடியைத் தன்ரை தடிச்ச குரலிலை பாடிப்போட்டு, எதிரடியைக் குரலை மெலிசாக்கி, பெடியன்ரை குரல் மாதிரித் தானே பாடுவார். வேலிக்கு அங்காலைத் தோட்டக்காரன் சின்னத்துரையருக்கு அது நல்ல பகிடி. ‘என்ன காணும், உமக்கு நீரே பட்டம் கட்டுறீரோ?’ எண்டு ஒவ்வொரு நாளும் கேப்பார். அப்பு ஒருநாள் மிதிக்கிறதை நிப்பாட்டிப்போட்டுச் சொன்னார், ‘அவன் மனசுக்கை பாடுறான் சின்னத்துரை, நான் வாய் குடுக்கிறன்’ எண்டு. அண்டையோடை அந்தாள் பகிடி விடுறதை விட்டிட்டுது.

அப்புவுக்கு ஒரே ஒரு ஆசை. அண்ணை ஒருக்கால் அப்பு எண்டு கூப்பிடவேணும். சின்னனிலையிருந்து அண்ணையின்ரை கையை எடுத்துத் தன்ரை தொண்டையிலை வைச்சு ‘அப்பு, அப்பு’ எண்டு சொல்லிக் காட்டுவார், பேந்து அந்தக் கையை அண்ணையின்ரை தொண்டையிலை வைப்பார். விளக்கை ஊதி நூக்கிற மாதிரி ‘ப்பு’ எண்டு காத்துத்தான் வரும். காய்ச்சலிலை கிடந்து போகேக்கையும் அண்ணையின்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர். அண்ணையும் விளங்கிப் போய்க் கழுத்து நரம்பெல்லாம் புடைக்க முயற்சிக்கிறார். காத்துத்தான் வந்துது. அப்பிடியே கண்ணை மூடிப்போட்டார் மனுசன்.

எட்டாம் நாள் செய்யிற எட்டுச் செலவு கூட முடியேல்லை. துடக்கெண்டு தீட்டுக் காக்கிற வீடு. ஆனா புகையிலை துடக்குப் பாக்குமோ? வாடித் தொங்குது. கொள்ளி வைச்ச பிள்ளை கிணத்தடிக்குப் போகக்கூடாதெண்டு எங்களைப் பெத்த ஆச்சி வாசலிலை மறிச்சவ. அண்ணை மொட்டைத் தலையோடை அவவை விலத்திக்கொண்டு போய்ப் பட்டையைக் கையிலை எடுத்திட்டார்.

பொழுது சாயிற நேரம், பனை உச்சி வட்டிலை வெய்யில் இருக்கு, இருட்டேல்லை, அதை வடிவாய்க் கேட்டுக்கொள்ளும். நான் துலாவிலை ஏறினன், அண்டைக்குத்தான் முதல் தரம். பயத்துக்கு வாய் தன்ரை பாட்டிலை பாடத் தொடங்கிற்று. நான் அவருக்குத் தம்பி, ‘ஆரது அண்ணை’ எண்டெல்லோ மாத்திக் கேக்கவேணும்? பழக்க தோசத்திலை அப்புவின்ரை சொல்லே வந்திட்டுது.

‘ஏறி மிதிக்கிற தாரடா மோனே?’

சொன்னா நம்பமாட்டீர். எதிரடி வந்துது. கிணத்துக்கையிருந்து எழும்பி வந்த மாதிரி, அதே மெலிசான குரலிலை.

‘என்னைத் தோளிலை ஏத்தின என்ரை அப்பு.’

துலா சட்டெண்டு பாரமாச்சுது. எனக்குப் பின்னாலை இன்னொரு ஆள் மிதிச்சாத்தான் அப்பிடித் தாழும். துலாவிலை நிண்டு பின்னாலை திரும்பினா விழுந்து போவம், நான் கீழை அண்ணையைத்தான் பாத்தனான். நிரம்பின பட்டையை ஊத்தாமல் பிடிச்சபடி நிக்கிறார், தண்ணி காலெல்லாம் வழியுது. என்னைப் பாக்கேல்லை, என்ரை முதுகுக்குப் பின்னாலை பாக்கிறார். ரெண்டு விரலைக் காட்டினார், மேலை ரெண்டு பேரெண்டு. பேந்து அந்தக் கையாலை தன்ரை மொட்டைத் தலையைச் சுத்தி ஒரு சுத்து.

நான் எப்பிடி இறங்கினனெண்டு தெரியாது. வேலிக்கு அங்காலையிருந்து சின்னத்துரையர் ‘ஆரடா அங்கை எதிரடி எடுத்தது?’ எண்டு கேக்கிறார். என்ரை முகத்திலை என்னத்தைக் கண்டாரோ, அண்ணை ஓடி வந்து என்ரை கையை எடுத்துத் தன்ரை தொண்டையிலை வைச்சு, கண்ணாலை கேட்டார், ‘நானோ பாடினனான்?’ எண்டு. அவருக்குத்தான் தன்ரை குரல் கேளாதே. அது அண்ணையோ, அப்பு கடைசியாய் ஒருக்கால் வாய் குடுத்தவரோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. நான் ஓமெண்டு தலையை ஆட்டினன். அண்ணை குந்தியிருந்து வாய்க்கால் தண்ணிக்கை முகத்தை வைச்சு அழுதார், சத்தமே இல்லாமல்.

பேந்து அண்ணை சாகுமட்டும் ஒரு சொல்லு வரேல்லை. ஆனா துலாவடிக்குப் போனா, நான் மேலை தனிய நிண்டாலும், ரெண்டு விரல் காட்டாமல் பட்டையைத் தொடமாட்டார்.

நான் அந்த முதலடியை அதுக்குப் பிறகு வாயாலை எடுத்ததில்லை. இப்பவும் உமக்குச் சொல்லிக் காட்டினனான் ஒழியப் பாடேல்லை, கவனிச்சிருப்பீர். பாடினா எதிரடி வந்திடுமோ எண்டு ஒரு பயம், வராமல் விட்டிடுமோ எண்டது அதைவிடப் பெரிய பயம்.

நீர் ஒண்டு செய்யும் மருமோன். உம்மடை பெடியளுக்கு இதைச் சொல்லும். நான் போனாப் பிறகு அதுகளிலை ஒண்டை அந்தக் கிணத்தடியிலை நிண்டு முதலடியைப் பாடிப் பாக்கச் சொல்லும். துலா இல்லை, இப்ப மெசின்தான், பறவாயில்லை. பாடிப்போட்டுக் கொஞ்சம் பொறுத்து நிக்கச் சொல்லும்.